நாற்பத்தொரு மேற்கோள்களும் ஃபிக்ரி அண்ணனும்

மார்ச் 4, 2022
இணையப் பட்டியலில் என் பெயருக்கு நேரே இன்று 63! பேராசிரியர் பதவிக்கு அறுபது மேற்கோள் போதும். இருபது வருடம் சமயவியலில் எழுதியதற்குப் பிறர் என்னை எடுத்துக்காட்டியது மொத்தமே இவ்வளவுதான். அதிலும் நாற்பத்தொன்று ஒரே கட்டுரைக்கு. சேர்னிதோல் என்ற மலைக்கிராமத்தில், புனித கியோர்கி நாளில், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து ஊற்றைப் பின்பக்கமாக நடந்து சுற்றிய பழைய சடங்கைப் பற்றியது.
என் கணவன் காமென், பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பனிட்சாவில் பெரிய துண்டை என் தட்டில் வைத்தான். "பேராசிரியரம்மா, சாப்பிடுங்க."

மார்ச் 8
விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

மார்ச் 22
போலந்திலிருந்து கடிதம். என் ஊற்றுக் கட்டுரையை ஒரு நூல் தொகுப்பில் சேர்க்கிறார்களாம். ஊற்றின் படமும் சடங்கைச் சொன்னவர் படமும் வேண்டுமாம். சனிக்கிழமை மலைக்குப் போகிறேன். அன்று சடங்கைச் சொன்ன ஃபிக்ரி அண்ணனைப் பார்த்துப் பதினான்கு வருடமாகிறது.

மார்ச் 26
எப்படி எழுதுவது இதை?
அண்ணன் அப்படியே இருக்கிறார், மீசைதான் வெளுத்துவிட்டது. காபி வந்தது. ஊற்றடியில் ஒரு படம் எடுக்கலாம் அண்ணே என்றேன். எதற்கு என்றார். அந்தப் பின்நடைக்காக என்றேன். கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.
"அட தங்கச்சி, அதையா எழுதி வச்சிருக்க? அன்னிக்கு மழை கொட்டுது. ஆடெல்லாம் மேட்டுல நிக்குது. நீயோ எழுந்திருக்கிற மாதிரியே தெரியல. 'வேற ஒண்ணும் இல்லையா, வேற ஒண்ணும் இல்லையா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்த. ஏதோ ஒண்ணச் சொன்னேன். உடனே எழுந்து போயிட்ட!"
அவர் மனைவி ஸெய்னெப் அண்ணி அடுக்களையிலிருந்து கத்தினாள்: "இந்த மனுஷன் சொன்னதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீ?"
கேட்கவில்லை. பதினான்கு வருடத்தில் ஒருவரிடமும் கேட்கவில்லை.

மார்ச் 27
யாருக்குத் தெரியும்? அவர்கள் இருவருக்கும் எனக்கும் மட்டும்தானே?
காமெனிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் எரிச்சல். பிறகு மெதுவாகக் கேட்டான்: "என்ன பண்ணப் போற, நெவா?"

மார்ச் 29
துறைத்தலைவர் வங்கேலோவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நெவ்யானா, அன்னிக்குப் பொய் சொன்னவர் இன்னிக்கு உண்மை சொல்றார்னு எப்படி நம்புறீங்க?"
நல்ல கேள்வி. நான் தப்பிக்க நல்ல கதவும்கூட. திறந்தே வைத்துக் காத்திருந்தார். நாளை வரை யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.
அன்று அண்ணி வாயைத் திறந்தபோது ஃபிக்ரி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டாரே, அது பொய்யா?

மார்ச் 30
பக்கத்துத் தெருவில் வசிக்கும் சேர்னிதோல் ஆட்கள் நாலு பேரிடம் பின்நடையைப் பற்றிக் கேட்டேன். ஒருவரும் கேள்விப்படவில்லை. ஒரு அம்மா, "பின்னாடி நடந்தா ஊத்துல விழமாட்டாங்களா?" என்றாள்.
ஐயோ, நாற்பத்தொரு அறிஞர்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையே!

ஏப்ரல் 5
அப்படி ஒரு சடங்கே இல்லை என்று திருத்தம் எழுதி இதழுக்கு அனுப்பினேன். விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றேன். அந்த நாற்பத்தொன்றைக் கழித்தால் இனி என் கணக்கு 22. சாயங்காலம் நானும் காமெனும் ஆற்றோரமாக ரொம்ப தூரம் நடந்தோம். முன்பக்கமாகத்தான்.

செப்டம்பர் 14
திருத்தம் வெளியானதிலிருந்து பதினோரு கடிதங்கள். திட்டு ஒன்றுதான். லியுப்லியானாவிலிருந்து ஒரு பெண்மணி: "எனக்கும் ஒரு ஃபிக்ரி இருக்கார். என் புத்தகத்தோட மூணாவது அத்தியாயம் முழுக்க அவர்தான். இப்போ போய்க் கேட்கப் போறேன், பயமா இருக்கு."

மே 16, 2023
திருத்தத்தைப் பன்னிரண்டு பேர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். மொத்தம் 34. பதவி இன்னும் தூரத்தில்தான்.
இன்று முதலாண்டு வகுப்புக்கு ஃபிக்ரி அண்ணனையும் அண்ணியையும் அழைத்திருந்தேன். அண்ணன் கோட்டுப் போட்டு வந்திருந்தார். ஒரு மணி நேரம் மாணவர்கள் துளைத்தெடுத்தார்கள். கியோர்கி நாளில் ஆட்டுக்குட்டி அறுப்பது, பங்கு வைப்பது, யார் வீட்டுக்கு முதலில் கொடுப்பது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.
"ஐயா, நீங்க இப்போ சொன்னதையெல்லாம் அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுக்கலாமா?"
சிரிப்பில் வகுப்பே அதிர்ந்தது. அண்ணி எழுந்து, தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அண்ணன் நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.
"தங்கச்சி, அந்தப் பதவியை இந்தப் பொண்ணுக்குக் குடுத்துடு."