அப்பா அடித்த மணி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே இருவரும் நலம் என்று இதுவரை நான் எழுதியதெல்லாம் பாதிப் பொய், இன்று எழுதுவது முழு உண்மை. பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து அப்பா வாசலைத் தாண்டவில்லை, நீயும் ஒவ்வொரு போனிலும் "அப்பா வெளிய போனாராம்மா" என்று கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். நேற்று போனார், தங்கம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்துக்கு ஆண்டு விழா. சங்க வரலாற்றை எழுதி வாசிக்கும் வேலையைச் செயலாளர், அதுதான் பழைய டிரில் மாஸ்டர், என் தலையில் கட்டிவிட்டார். வரலாறு என்ன பெரிய வரலாறு, ஓய்வுபெற்ற கையோடு அப்பா பாடம் கேட்க ஆளில்லாமல் என்னை உட்காரவைத்துப் பூகோளம் நடத்தினார், தாங்க முடியாமல் நான்தான் அவரைப் போலவே நாலு பேரைத் தேடிப்பிடித்து டீக்கு அழைத்தேன், நம் முன்னறையில் சங்கம் பிறந்தது. வந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள், கேட்கத்தான் ஆளில்லை. அதனால் அப்பா ஒரு பித்தளைக் கைமணி வாங்கி வந்தார், மணி அடித்தால் பாதி வார்த்தையில் இருந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும், தலைமையாசிரியராக இருந்தவருக்கும் விலக்கு கிடையாது. அப்பா படுத்த பிறகு மணியும் இல்லை, கூட்டம் முடிவதும் இல்லையாம்.

போன வாரம் டிரில் மாஸ்டர் வீட்டுக்கே வந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேச வேணாம் சார், பேசுறவங்கள நிறுத்தத்தான் ஆளில்ல, வந்து மணி மட்டும் அடிங்க" என்றார். பேச்சு போன மனுஷனிடம் இப்படியா கேட்பது என்று எனக்குத் திக்கென்றது. அப்பாவோ பீரோவைக் காட்டினார், சட்டையை எடு என்று.

மேடையில் எழுதியதை விட்டுவிட்டு அவரைப் பற்றியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இந்தச் சங்கத்தை வளர்த்த மனுஷன் இன்றைக்கு ஒரு வார்த்தைகூட என்று நான் சொல்லி முடிப்பதற்குள் டணார் என்று மணி. எனக்கேதான்! கூடம் முழுக்கச் சிரிப்பு. திரும்பினால், இவர் கோணிய வாயோடு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. நான் அப்படியே உட்கார்ந்து நன்றாக அழுதேன். வரலாறு பாதியில் நிற்கிறது, நிற்கட்டும்.

உன் இருமலை அலட்சியம் செய்யாமல் டாக்டரைப் பார். ஞாயிறு போனில் என்னோடு மட்டும் பேசி வைத்துவிடாதே, பதில் வராதே என்று தயங்காதே, அவர் காதில் வைக்கிறேன், நீ பாட்டுக்குப் பேசு. நீளமாகப் போனால் அவரே நிறுத்துவார். எங்கள் இருவரின் ஆசியும் உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு. மணியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார், இதோ உள்ளேயிருந்து அடிக்கிறார். சட்டம் சட்டம்தான், உன்னிடம் சொல்ல இன்னும் எவ்வ

உன் அம்மா