கல்யாணத்தில் முடியும் கதை

அக்கா,

குளிர் தொடங்கிவிட்டது. காலையில் கறுப்புக் கம்பளிக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். போன வருடம் போட்டதை அப்படியே போட்டுக்கொண்டு திரிய வேண்டாம், சலவைக்குக் கொடுப்போம் என்றுதான் எடுத்தேன். மடிக்கும்போது கழுத்துப் பட்டியிலிருந்து உங்கள் தைலத்தின் மணம் வந்தது. அரங்கில் விளக்கு அணைவதற்கு முன் கைப்பையைத் திறந்து நெற்றிப்பொட்டில் ஒரு சொட்டுத் தடவிக்கொள்வீர்கள். பிறகு, வேண்டுமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்காமல் என் நெற்றியிலும் தடவிவிட்டு, விரலில் மிஞ்சியதை என் கோட்டிலேயே துடைப்பீர்கள். "குளிருக்கு நல்லது லா, பேசாம இருங்க" என்பீர்கள். அந்தப் பழக்கத்துக்காக உங்களோடு எத்தனை முறை சண்டை பிடித்திருப்பேன். இன்று கோட்டைச் சலவைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்தேன். இப்போது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

மேசையில் இந்த ஆண்டின் நிகழ்ச்சிப் புத்தகம் கிடக்கிறது. மற்ற வருடங்களில் அது தபாலில் வந்த அன்றே போன் அடிப்பீர்கள். "வந்துருச்சு, பார்த்தீங்களா? நான் வர்ற வரைக்கும் திறக்காதீங்க." அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து ஒரு டப்பா கறிபஃப்போடு பிளாக்ஹவுஸ் பேயில் என் வீட்டு வாசலில் நிற்பீர்கள். இந்த முறை நானே தனியாகத் திறந்தேன். எதெதற்குப் போவது, எதை விடுவது என்று நானே முடிவும் எடுத்தேன். நேற்று உங்கள் மகள் வந்து அந்த முடிவைக் குழப்பிவிட்டுப் போய்விட்டாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் முதலில் கண்டுகொண்டது ஒரு கல்யாணப் பந்தியில். யாருடைய கல்யாணம் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. பக்கத்து இலையில் ஒரு பெண் சோற்றைத் தொடாமல், பாயசத்தை முதலில் கொண்டுவரச் சொல்லிப் பரிமாறுகிறவரை விரட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டு, "ரெண்டு மணிக்கு டவுன்ல ஒரு பாலே இருக்கு. மக வர்றேன்னு சொல்லிட்டு இப்ப மாட்டேங்குறா. ஒரு டிக்கெட் சும்மா போகுது, வர்றீங்களா?" என்று கேட்டாள். மலேசியாக்காரர்கள் முன்பின் தெரியாதவரையும் பசியாறக் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாலேக்கும் கூப்பிடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. என்னுடைய மனிசனைப் பார்த்தேன். அவர் வடையிலிருந்து கண் எடுக்காமல், "நீர் போட்டு வாரும். நான் ஆறுதலாச் சாப்பிட்டிட்டு வீட்டை போறன்" என்றார்.

பட்டுச்சேலையும் தலையில் பூவுமாக இரண்டு பேரும் போய் இறங்கினோம். இடைவேளையில் ஒரு வெள்ளைக்கார அம்மா மிக மரியாதையாக வந்து, அடுத்த காட்சியில் மேடையில் வரப்போகிறவர்கள் நீங்களா என்று விசாரித்தார். நீங்கள் முகம் மாறாமல், ஆமாம், நாங்கள் மாப்பிள்ளை வீட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அந்த அம்மா நம்பினாரா தெரியாது. அடுத்த பாதி முழுவதும் சிரிப்பை அடக்கியதில் எனக்கு வயிறு நொந்தது.

அன்றிலிருந்து நாம் கூட்டு. முதல் ஓபராவுக்கு அழைத்துப்போன அன்று என் கை தன்பாட்டில் தொடையில் தாளம் போடத் தொடங்கியது. ஒருத்தி குரலை உச்சிக்கு ஏற்றி அங்கேயே நிறுத்தியபோது, கச்சேரி கேட்டு வளர்ந்த வாய் சும்மா இருக்குமா, "ஆகா" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பியது. நீங்கள் என் கையைப் பிடித்து, "இங்க ரசிக்கிறதுக்கும் நேரம் வச்சிருக்காங்க. பொறுங்க" என்றீர்கள். திரை விழுந்ததும், "இப்ப கத்துங்க" என்று கையை விட்டீர்கள்.

ஆண்டுத் திட்டம் போடுவது அரங்குக்குப் போவதைவிடப் பெரிய நாடகம். ஆக்லாந்தில் இருக்கிற தமிழருக்குச் சனிக்கிழமை சொந்தமில்லை. கல்யாணம், அரங்கேற்றம், யாராவது பிள்ளையின் பிறந்தநாள் என்று எல்லாம் சனிக்கிழமையில்தான். என் பக்கம் கோயில் கலண்டர், உங்கள் பக்கம் தேவாலயக் கலண்டர், நடுவில் நிகழ்ச்சிப் புத்தகம். தவக்காலத்து வெள்ளி உங்களுக்கு ஆகாது, கந்தசஷ்டி எனக்கு ஆகாது. மிஞ்சுகிற நாட்களில், காலையில் தாலி கட்டு, மத்தியானம் பந்தி, அதே சேலையோடு பிற்பகல் காட்சி என்று பொருத்திப் பார்ப்போம். நான் தேதியைத் தேட, நீங்கள் கதைச் சுருக்கத்தின் கடைசி வரியைத்தான் முதலில் வாசிப்பீர்கள். "கல்யாணத்துல முடிஞ்சா ரெண்டு டிக்கெட்" என்பீர்கள். அதை நான் வெறும் விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

பிறகு என்னுடைய மனிசன் போனார். ஒரு காலை, தேத்தண்ணீர் ஆறுவதற்குள், அவ்வளவுதான். ஆண்டுத் திவசம் முடியும்வரை நல்லது பொல்லாததுக்குப் போவதில்லை என்பது எங்கள் வழக்கம். நல்லதுக்குப் போகக் கூடாது என்பதுதான் சரி; பொல்லாததுக்குப் போகலாம். வேலைக்கு ஆல்பனிக்குப் போவேன், வருவேன், அவ்வளவுதான் உலகம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மச்சாள், அவருடைய அக்கா, பின்னேரங்களில் வந்து துணைக்கு இருப்பா. அந்த மாசியில் நீங்கள் புத்தகத்தோடு வந்தபோதும் மச்சாள் இருந்தா.

"திவசம் முடியேல்லை. ஆட்டம் பாட்டு எண்டு போறதோ?" என்று மச்சாள் கேட்டா. கோபமாக இல்லை. தம்பியைப் பறிகொடுத்தவ அவவும்தானே.

நீங்கள் கறிபஃப் தட்டை அவவின் பக்கம் தள்ளிவிட்டு மிகவும் பணிவாகச் சொன்னீர்கள்: "அக்கா, இது ஆட்டம் பாட்டு இல்ல. ஒரு பொண்ணு நோய் வந்து இருமி இருமிச் சாகுறா. நாங்க போய் உக்காந்து அழுதுட்டு வருவோம்."

மச்சாள் யோசித்தா. "கடைசியில செத்துத்தான் போவாளோ?"

"கண்டிப்பா. அதுல மாற்றமே இல்ல."

"அப்பச் சரி. செத்தவீடு மாதிரித்தானே. போட்டு வாங்கோ. ஆனா வந்த உடனை தோஞ்சுபோட்டு வீட்டுக்குள்ள வாங்கோ."

அந்த வருடம் முழுவதும் நாம் சாவில் முடிவதற்கு மட்டும் போனோம். ஒருத்தி கத்தியால், ஒருத்தி விஷத்தால், ஒருத்தி வெறும் ஏக்கத்தால். எத்தனை விதமாகச் சாகிறார்கள் இந்தப் பெண்கள், அத்தனை பேரும் சாகும்போதும் பாடிக்கொண்டே. ஒவ்வொரு முறையும், இந்த ஊர் ஜூலைக் குளிரிலும்கூட, வீட்டுக்கு வந்து, செத்தவீட்டுக்குப் போய் வந்தவளைப் போல, தலைக்குக் குளித்தேன். மச்சாள் துவாயோடு நிற்பா, "இண்டைக்கு எப்பிடிச் செத்தவ?" என்று கேட்பா. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் வராத அழுகை எனக்கு அந்த இருட்டில்தான் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அங்கே எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். என்னை அந்த வருடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது நீங்கள்தான்.

அதே வருடப் புத்தகத்தில் ஒரு பாலே இருந்தது. மூன்றாம் காட்சியில் ஊரே கூடிக் கல்யாணத்தில் ஆடுகிற கதை. அந்தப் பக்கத்தில் உங்கள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "இது கல்யாணம், நமக்கு ஆகாது. அடுத்த வாட்டி வரும்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டீர்கள். அடுத்த வாட்டி வரவில்லை. அதற்கடுத்த வருடங்களிலும் வரவில்லை. நீங்கள் படுக்கையில் விழுந்த வருடம்கூட, மருந்துக்கடையில் வேலை செய்தவருக்கே உரிய அலட்சியத்தோடு மாத்திரைகளைத் தள்ளிவைத்துவிட்டு, "அது வருதான்னு பாருங்க" என்றுதான் கேட்டீர்கள்.

உங்கள் அடக்கப் பூசையிலிருந்து திரும்பி வந்து தலைக்குக் குளித்தேன். மச்சாள் அன்றும் துவாயோடு நின்றா. நான் எத்தனை நாள் விலக்கு இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவ என்னை வினோதமாகப் பார்த்து, "உங்களுக்கென்ன துடக்கு? சொந்தமில்லையே. சிநேகிதிக்கு நாள் கணக்கு ஒண்டுமில்லை" என்றா. அவ சொன்னது சரிதான். புருஷனுக்கு ஒரு வருடம், தாய் தகப்பனுக்கு ஒரு வருடம், ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குக்கூட இத்தனை நாள் என்று வைத்திருக்கிறார்கள். சிநேகிதிக்கு ஒன்றுமில்லை. மறுநாளே கல்யாண வீட்டுக்குப் போய் லட்டு சாப்பிடலாம். அந்தச் சுதந்திரம் எனக்கு அடிபட்டது போல இருந்தது.

ஆகவே நானே வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் ஒரு வருடம். இந்த ஆண்டுப் புத்தகத்தைத் திறந்து, சாவில் முடிபவற்றை மட்டும் பென்சிலால் அடையாளம் போட்டேன். கடைசிப் பக்கங்களில் அந்தப் பாலே இருந்தது, அக்கா. மூன்றாம் காட்சி, ஊரே கூடிய கல்யாணம். நாம் விட்ட அதே கதை, இத்தனை வருடம் கழித்து. உங்கள் ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்னால். நானும் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். நீங்கள் எனக்காக விட்டதை நான் உங்களுக்காக விடுகிறேன், அதுதானே நியாயம் என்று நினைத்தேன்.

நேற்று உங்கள் மகள் வந்தாள். கடையில் வாங்கிய கறிபஃப். அம்மா செய்வது மாதிரி வராது என்று அவளே சொல்லிக்கொண்டாள். புத்தகத்தைப் புரட்டியவள், ஏன் ஆன்ட்டி எல்லாமே சோகக் கதை என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மாவுக்காக என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அம்மாவுக்கு இவையெல்லாம் அறவே பிடிக்காது, உங்களுக்குத் தெரியாதா என்றாள்.

எனக்குத் தெரியாது.

அங்கிள் இறந்த வருடம் அம்மா ஒவ்வொரு முறையும் முகம் வெளிறித்தான் வீட்டுக்கு வருவார் என்றாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாராம். அப்போது அம்மா என்ன சொல்வார் என்பதை மட்டும் தமிழில் சொன்னாள், தன் கொச்சைத் தமிழில், ஆனால் உங்கள் குரலில்: "ஏதாச்சும் கல்யாண சீன் போடு. அத பார்த்துட்டுத்தான் படுப்பேன்."

அவள் போன பிறகு எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் வீட்டிலேயே கிடந்திருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. அதை நினைத்து நிறைய நேரம் அழுதேன். மேடையில் ஒருத்தி சாகிற கதை ஏதும் ஓடாமலே அழுகை வந்தது.

இன்று காலை டிக்கெட் எடுத்துவிட்டேன். கல்யாணத்தில் முடிகிறதற்கு, இரண்டு. மற்ற எல்லாவற்றிலும் போட்ட பென்சில் அடையாளத்தை அழித்தாயிற்று. உங்கள் மகளைக் கேட்டேன், வருகிறேன் என்றாள். கடைசி நேரத்தில் மாட்டேன் என்றும் சொல்வாள், பழக்கம் அப்படி. சொன்னால் சொல்லட்டும். அன்று காலையில் ஒரு கல்யாணம் இருக்கிறது. பந்தியில் பக்கத்து இலையில் யாராவது அகப்படாமலா போவார்கள். மச்சாளிடமும் சொல்லிவிட்டேன். "கடைசியில ஒருத்தரும் சாகேல்லையோ?" என்று கேட்டா. இல்லை என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவவுக்கு.

பச்சைப் பட்டுக் கட்டிக்கொண்டு, மேலே இந்தச் சலவை செய்யாத கோட்டைப் போட்டுக்கொண்டு போவேன். விளக்கு அணைவதற்கு முன் தைலத்தை எடுத்து நெற்றிப்பொட்டில் ஒரு சொட்டுத் தடவுவேன். வேண்டுமா என்று கேட்காமல் உங்கள் மகளின் நெற்றியிலும் தடவிவிட்டு, மிச்சத்தை அவளுடைய கோட்டில் துடைப்பேன். முறைப்பாள், முறைக்கட்டும். ஊர் கூடி ஆடும்போது என் கை தொடையில் தாளம் போடும். பிடித்து நிறுத்த ஆளில்லை, அது போட்டுக்கொண்டே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அன்று நான் குளிக்கப் போவதில்லை, அக்கா.