பின்னாலேயே ஆற்றில் இறங்கிய ராணுவ லாரி

அண்ணே,

இன்று காலை கொள்ளிடம் பாலம் தாண்டி டோல்கேட் பக்கம் என் காரை ஓரம் கட்டச் சொன்னார்கள். ராணுவ லாரிகள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றின் முதுகிலும் பாலம் போடும் இரும்புப் படகு. டீசல் புகையோடு நனைந்த தார்ப்பாய் வாடையும் உள்ளே வந்தது. நீங்கள் இருந்திருந்தால் அங்கிருந்தே போன் போட்டிருப்பேன்.

அப்படி ஒரு பழைய லாரியை நான் ஏலத்தில் எடுத்தபோது மார்க்கெட்டே சிரித்தது. "அக்கா, வாழைத்தார் ஏத்தவா, சண்டைக்குப் போகவா?" எல்லாச் சக்கரமும் இழுக்கும், படுகைச் சேற்றில் மாட்டாது என்பது என் கணக்கு. ஓட்ட ஆள் தேடியபோது நீங்கள் வந்தீர்கள். போரில் பொறியாளர் படைக்கு இதே ரக வண்டி ஓட்டியவர். சம்பளம் பேசுமுன் பானெட்டைத் திறந்தீர்கள். "தங்கச்சி, இவன் பாலம் சுமந்தவன். வாழைத்தார் இவனுக்குப் பொரி மூட்டை."

கொள்ளிடத்தில் திடீரென்று தண்ணீர் ஏறிய அன்று, தார் வெட்ட நான் அனுப்பிய ஆட்கள் படுகை நடுவில் ஒரு மேட்டில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பரிசல் வருவதற்குள் மேடு முழுகிவிடும்.

நீங்கள் வண்டியைத் திருப்பினீர்கள். கிளம்பிவிடப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"முன்னால போனா என்ஜின் முதல்ல தண்ணி குடிக்கும். அங்க திருப்பவும் இடமில்ல. ரிவர்ஸ்ல பின்னாலயே போறேன். பாதையும் உன் தோட்டத்துக் கிணறும் எங்கன்னு உனக்குத்தான் தெரியும், மேல ஏறு. எந்தப் பக்கம் ஒதுங்கணுமோ அந்தப் பக்கப் பலகையில தட்டு. தட்டிக்கிட்டே இரு. சத்தம் நின்னா நானும் நின்னுடுவேன்."

"தப்பாத் தட்டிட்டா?"

"உன் கிணத்துலயே இறங்குவோம். ஏறு."

தண்ணீர் பலகை இடுக்கில் புகுந்து காலை நனைத்தது. அத்தனை டன் இரும்பும் என் உள்ளங்கை சொன்ன பக்கமெல்லாம் நகர்ந்தது. நீங்கள் ஒரு தடவைகூடத் தலையை நீட்டிப் பார்க்கவில்லை. ஆட்கள் ஏறினார்கள். ஒருத்தன் வெட்டிய தாரையும் தூக்கினான். "போடுடா கீழ" என்று கத்தினேன். வியாபாரத்தில் நான் சரக்கை விட்டது அந்த ஒரு தடவைதான்.

கரை ஏறிய பிறகு கேட்டேன். "பார்க்காம எப்படிண்ணே வந்தீங்க?"

"போர்லயும் பார்த்ததில்ல. இருட்டுல, விளக்கு போடாம, ஆத்தங்கரை வரைக்கும் பின்னாலயே போய்ப் படகை இறக்கணும். என் கூட்டாளி பின்னால தட்டிக்கிட்டே வந்தான். ஒருநாள் சத்தம் நின்னுச்சு. நிறுத்திட்டேன். அவனைச் சுட்டுட்டாங்க. சக்கரம் கரை விளிம்புல நின்னுச்சு."

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "அதுக்கப்புறம் யார் தட்டியும் நான் பின்னால போனதில்ல. இன்னிக்குத்தான்."

எடை போடாமல் எதையும் வாங்காதவள் நான். நீங்களோ என்னை எடை போடாமலே உயிரை என் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

இப்போதும் என் மண்டிக்குள் எந்த லாரி ரிவர்ஸில் வந்தாலும் விலைப் பேச்சை நிறுத்தச் சொல்கிறேன். அக்காவுக்குக் கிறுக்கு என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பின்னால் நிற்பவன் தட்டுவது மட்டும் டிரைவர் காதில் விழவேண்டும், அண்ணே.