சாப்பாட்டுச் சீட்டு

16.7.79, திங்கள்
காலையிலிருந்து புழுதிக் காற்று. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ், ஆற்றுப் பாலம் ஏறியபோது அம்மாவின் சுண்டல் தூக்கு மூடி பறந்து ஒருவர் மடியில் விழுந்தது. நான் சிரிக்கவில்லை.

இன்று முதல் அம்மா நடத்தும் ஸ்கூல் கேன்டீனில் போண்டா, பஜ்ஜி, கலர் ஐஸ் கிடையாது. புது ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரின் உத்தரவு. சுண்டல், கடலை உருண்டை, வாழைப்பழம் மட்டும். இன்டர்வலில் எட்டாம் வகுப்பு பிலோமினா, "சுண்டலா? இப்ப என்னடி நவராத்திரியா?" என்றாள். பாதிச் சுண்டல் மிச்சம். கல்லாவிலும் பாதிதான்.

சிஸ்டர் அம்மாவிடம்: "மத்தியானச் சாப்பாட்டுக்காவது நாப்பது பேர் வரணும், கமலம். இல்லேன்னா கேன்டீனை மன்னார்புரம் கான்ட்ராக்டருக்குக் குடுத்துடுவேன்."

அம்மாவுக்கு வேறு வேலை கிடையாது. என் பீஸ் தள்ளுபடியும் கேன்டீனால்தான்.

17.7.79, செவ்வாய்
சாப்பாட்டு லீடர் நான்தான். காலையில் வகுப்பு வகுப்பாகப் போய், கை தூக்கியவர்களை எண்ணிச் சீட்டு எழுத வேண்டும். சிஸ்டர் பார்த்த பிறகு சீட்டு அடுப்படிக்குப் போகும்.

முப்பத்தொரு கைகள். நாற்பத்தைந்து என்று எழுதிவிட்டேன்.

சோறு மிஞ்சியது. அம்மா ஒன்றும் புரியாமல் பானையைப் பார்த்தாள். கொஞ்சம் வீட்டுக்கு, மீதி வாட்ச்மேன் மாட்டுக்கு.

18.7.79, புதன்
இன்றும் நாற்பத்தைந்து. இன்றும் மாட்டுக்கு. வீட்டில் இரண்டாவது ராத்திரியாக அதே சாம்பார் சாதம். சிஸ்டர் ஒருமுறை வந்து பந்தியைப் பார்த்தால் போதும். அம்மா தூங்கிவிட்டாள். பேனா கீறும் சத்தம்கூடப் பயமாக இருக்கிறது.

கணக்கு டெஸ்டில் நூற்றுக்குப் பதினாறு. யாரிடமும் சொல்லவில்லை.

19.7.79, வியாழன்
பயத்தில் இன்று உண்மையை எழுதினேன். முப்பத்தொன்று.

ஒரு மணிக்கு வரிசை கிணறு வரை நின்றது! போண்டா இல்லாததால் எல்லோரும் வீட்டு டப்பாவை இன்டர்வலிலேயே காலி பண்ணிவிடுகிறார்கள். நேற்றுவரை மத்தியானம் தண்ணீர் குடித்துச் சமாளித்தார்களாம். இன்று தாங்கவில்லை. சோறு தீர்ந்துபோனது. ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று தட்டோடு அழுதது.

சிஸ்டர் அடுப்படிக்கே வந்துவிட்டார். நான் ஆட்டுக்கல் பக்கம்.

"நேத்து நாப்பத்தஞ்சு, மாட்டுக்குப் போச்சு. இன்னிக்கு முப்பத்தொண்ணு, பிள்ளைங்க பட்டினி. யாரு எண்றது?"

"என் தப்புதான் சிஸ்டர். நான்தான் சீட்டைச் சரியாப் பாக்காம உலை வச்சுட்டேன்" என்றாள் அம்மா.

"நாளைக்கு நானே கூடப் போய் எண்றேன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, கேன்டீன் ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளை எடுத்து வந்திருப்பதைக் காட்டினாள். "நீ தப்பு பண்ணினா எழுத்து சின்னதாயிடும்டி. எனக்குத் தெரியாதா?" அடுப்பில் போட்டாள். அடித்திருந்தால் தேவலை.

பிறகு மெதுவாக, "வாரத்துக்கு வாங்கின அரிசி மாட்டு வயித்துல. நாளைக்கு முப்பது பேருக்குத்தான் இருக்கு. இனி சனிக்கிழமை காசு வந்தாத்தான் வாங்க முடியும்."

20.7.79, வெள்ளி. பகல்
லைப்ரரி பின்பக்கம். முதல்முறையாகப் பகலில் எழுதுகிறேன். காற்றில் தாள் நிற்கவில்லை.

சிஸ்டர் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். எட்டாம் வகுப்பில் பிலோ முதலில் கை தூக்கினாள். "என் டப்பா தினம் பதினோரு மணிக்கே காலியாயிடுது சிஸ்டர்!" ஒரே சிரிப்பு. அப்புறம் கை மேல் கை. சிஸ்டர் மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினேன்.

ஐம்பத்திரண்டு.

"பரவாயில்லையே, கமலத்துக்கிட்ட சீக்கிரம் குடு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சீட்டு இன்னும் என் யூனிபார்ம் பையில். அம்மா இந்நேரம் முப்பது பேருக்கு உலை வைத்திருப்பாள். மீதி இருபத்திரண்டு பேருக்கு அரிசியே இல்லை. மணி பத்தேகால்.