டிக்கை எடுத்தது நான்

ஜூன் 3, 2025, செவ்வாய்

மகள் தென்றலின் வேலை இன்றும் பாதியில் நின்றது. கம்பெனித் திரையில் அதே வரி: 'உங்கள் முகவரியிலிருந்து அதிகம் பேர் நுழைய முயல்கிறார்கள். பிறகு வாருங்கள்.' ஆஸ்பத்திரிக் குறிப்புகளைக் குறியீடாக மாற்றித் தரும் வேலை. முப்பதாம் தேதிக்குள் ஒரு வாரமாவது வீட்டிலிருந்து தடங்கலின்றிச் செய்து காட்டவேண்டும். இல்லையென்றால் சென்னை ஆபீசுக்கே வரவேண்டுமாம். அவள் குழந்தைக்கு ஒன்பது மாதம். தென்றல் அழவில்லை. பரணிலிருந்து பயணப் பெட்டியை மட்டும் இறக்கி வைத்திருக்கிறாள்.

மாடியில் மொபைல் சிக்னலில் போட்டால் வேலை ஓடுகிறது. ஆனால் மாடியில் ஜூன் வெயில்.

ஜூன் 5

பெரம்பலூர் போய்ப் பரணிதரனைப் பார்த்தேன். எங்கள் குரும்பலூருக்கு இன்டர்நெட் லைன் தரும் கம்பெனியில் நெட்வொர்க் முழுக்க அவன் பொறுப்பு. கீழப்பழுவூரில் நான் டீச்சராக இருந்தபோது என்னிடம் கம்ப்யூட்டர் படித்தவன். அதற்குள் காதோரம் நரை.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பழைய வகை இன்டர்நெட் முகவரிகள் தீர்ந்துபோய்விட்டன. அதனால் நூறு வீட்டுக்கு ஒரே முகவரி. லேடீஸ் ஹாஸ்டல் மாதிரி. எவளோ ஒருத்தி தாமதமாக வந்தால் கேட் எல்லோருக்கும் மூடுகிறது. புது வகையில் வீட்டுக்கு வீடு தனி விலாசம் தரலாம். மொபைல்காரர்கள் எப்போதோ மாறிவிட்டார்கள்.

"அப்ப நீ ஏம்ப்பா மாறல?"

"மாத்துனா பழசும் புதுசும் சேந்து ஓடணும் டீச்சர். எனக்கு ரெட்டை வேலை. நல்லா ஓடுனா ஒருத்தரும் போன் பண்ண மாட்டாங்க. ஒரு வூட்டுல நின்னுச்சுன்னா ஊரே எங்க ஆபீஸ் வாசல்ல நிக்கும்."

நியாயம்தான். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "அதோட, நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? புது மிஷின் வந்தா மொத வேலையா செட்டிங்ஸ்ல அந்தப் புது வகை முகவரிக்குப் போட்டிருக்கற டிக்கை எடுத்துடுன்னு. இன்னிக்கும் எங்க ஆளுங்க வூட்டுக்கு வூடு அதத்தான் பண்றாங்க."

நானா?

ஜூன் 8, ஞாயிறு

பழைய லேப் நோட்டு கிடைத்துவிட்டது. 2010 ஆகஸ்ட். மூன்று நாளாக பிரிண்டர் ஓடவில்லை. யாரோ சொன்னார்களென்று எல்லா மிஷினிலும் அந்த டிக்கை எடுத்தேன். ஓடியது. கரும்பலகையில் விதியாகவே எழுதிப் போட்டேன்.

அதே பக்கத்தின் கீழே, என் கையெழுத்தில்: 'பிரிண்டர் கேபிளை எலி கடித்திருந்தது. மாற்றியாயிற்று.' அதே தேதி!

ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணிட்டு, எதனால சரியாச்சுன்னு பாக்காம விட்டுட்டேனே — வருஷத்துக்கு நாப்பது பிள்ளைங்களுக்கு அதையே பாடமா வேற நடத்தி —

ஜூன் 9

நோட்டை அவன் மேஜையில் விரித்தேன். "தப்பு என்னுதுப்பா."

இரண்டு முறை படித்தான். "எலிக்குப் பயந்தா டீச்சர் பதினஞ்சு வருஷமா டிக்கை எடுத்துக்கிட்டிருக்கோம்?"

ஊர் முழுக்க வேண்டாம், எங்கள் தெருவில் மட்டும் மாற்று என்றேன். பதினெட்டு வீடு. ஏதாவது நின்றால் திட்டு என் நம்பருக்கு வரட்டும். யோசித்தான். அடுத்த வாரம் என்றான்.

ஜூன் 17

பரணிதரன் வந்து மாற்றினான். பத்தே நிமிடத்தில் எதிர்வீட்டு நடராசன் வாசலில் நின்றார். "டீச்சர், உங்க ஆராய்ச்சியில எங்க வூட்டு டிவி படுத்துருச்சு!"

அவர் டிவி ஓடுவதும் இன்டர்நெட் லைனில்தான்; அந்த லைனை வாங்கும் மோடம் மட்டும் ரொம்பப் பழசு. அதைப் பழைய வழியிலேயே விட்டுவிட்டான் பரணிதரன். படம் வந்தது. திட்டியவர் வீட்டிலேயே எங்கள் இருவருக்கும் காபி.

மற்ற பதினேழு வீட்டிலிருந்து ஒரு போனும் இல்லை.

ஜூன் 18

தென்றலுக்கு அந்த வரி வரவில்லை.

ஜூன் 19

இன்றும் வரவில்லை. கண் படக்கூடாதென்று அவளிடம் கேட்கவேயில்லை. கதவோரமாக நின்று பார்த்தேன்.

ஜூன் 30, திங்கள்

பரணிதரன் கூப்பிட்டான். "அடுத்து கடைவீதி, டீச்சர். திட்டுறவங்களுக்கு உங்க நம்பரையே குடுத்துரவா?"

"குடுப்பா."

தென்றல் இனிச் சென்னைக்குப் போகவேண்டாமாம். குழந்தைக்குச் சிறிதாகிப்போன சட்டைகளைப் பெட்டியில் அடுக்கி மூடினாள். அவள் அதைப் பரணில் ஏற்ற, நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.