பட்டறைச் செய்தியில் வராதது

அப்பா,

அம்மாவின் கையில் இன்று உங்கள் வாசனை. நீங்கள் வேலை செய்த பட்டறையின் குழாயடியில் வைத்திருக்கும் அந்தச் சிவப்புச் சவுக்காரமும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. சோறு போடக் குனிந்தபோது என் மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது உங்களோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இத்தனை நாளும் அந்தக் குழாயடியில்தான் இருந்திருக்கிறது. யார் போய்க் கை கழுவினாலும் கொடுத்துவிடுகிறது.

அம்மா தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். பார்த்துவிட்டால் அடிக்க மாட்டார். அதைவிட மோசம், காலை டீ நேரத்தில் பட்டறை முழுவதும் சொல்லிவிடுவார். நம் வீட்டில் நடப்பதெல்லாம் இப்போது அங்கே செய்தி. முன்பும் அப்படித்தான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த அப்பா பேசாதவர். தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது, நாம் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு ஈப்போவுக்கு வந்தோம். ஜெலாப்பாங்கில் இந்த வீடு. உங்களுக்குப் பல்கலைக்கழகக் கிளை வளாகத்தில் பராமரிப்பு வேலை. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போய், எரியாத விளக்கையும் சுற்றாத விசிறியையும் சரிசெய்வீர்கள். சாயங்காலம் வந்து குளித்துவிட்டுப் பத்திரிகையை விரிப்பீர்கள். "வேலை எப்படி இருந்திச்சி?" என்று அம்மா கேட்டால், "இருந்திச்சி" என்பீர்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது. ஏணியைத் தூக்கித் தூக்கிக் களைத்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை. பிறகு அம்மாவுக்கு அதே வளாகத்தில் கூட்டித் துடைக்கும் வேலை கொடுத்தார்கள். முதலில் அழுதுகொண்டே போனார். கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"உங்கப்பா என்னா ஆளு தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

காலை டீக்கு எல்லாரும் பட்டறையில் கூடுவார்களாம். நீங்கள் ஏணியை விரித்து நிறுத்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, வானொலியில் வருவதுபோலச் செய்தி வாசிப்பீர்களாம். "வணக்கம். இது பட்டறை வானொலி. நேரம், டீ ஆறுகிற நேரம்." ஏணி மேல் நிற்கிறவனை யாரும் ஆளாகவே நினைப்பதில்லை, அதனால் எல்லாம் காதில் விழும் என்பீர்களாம். மேலே இருந்து பார்த்தால் யார் யார் முடியைக் குறுக்கே சீவி வழுக்கையை மறைக்கிறார்கள் என்பதுவரை தெரியும் என்பீர்களாம். அம்மா தினமும் ஒரு கதையோடு வந்தார். நான் பாதியில், "போதும்மா, வீட்டுப்பாடம் இருக்கு" என்று எழுந்துவிடுவேன். வீட்டுப்பாடம் இருக்காது. எங்களுக்கு "இருந்திச்சி" என்ற ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறீர்கள். அவர்கள் யார் உங்களுக்கு?

இப்போது பள்ளி விடுமுறை. வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இன்று அம்மா என்னையும் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தகரக் கூரைக்குக் கீழே எல்லாரும் குவளையோடு உட்கார்ந்திருந்தார்கள். சின்னப்பன் அங்கிளை உங்கள் காரியத்தன்று பார்த்திருக்கிறேன், பைப் வேலை செய்பவர், கழுத்தில் சிலுவை போட்டிருப்பார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

"வாங்க, வாங்க! வெளியுறவு அமைச்சர் வந்தாச்சி. ஆ லெக், நாற்காலி எடு லா!"

ஆ லெக் தச்சர். சீனர்தான், ஆனால் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவராம், நன்றாகவே தமிழ் பேசுகிறார். மரத்தூளைத் தட்டிவிட்டு ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"அமைச்சர் ரொம்ப சின்ன ஆளு. நான் பெரிசா நெனச்சேன். அண்டை நாடு சௌக்கியமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீங்கள் இருந்தபோது அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு என் காதில் சொன்னார்: அண்டை நாடு என்பது நம் தெருமுனையில் மரப்பலகை விற்கும் பலகைக் கடை நாய். அதோடு தினமும் பேச்சுவார்த்தை நடத்தும் வெளியுறவு அமைச்சர் நான்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் அந்த நாயைப் பார்த்து நான் நடுங்குவதை இவர்களுக்கு வாசித்துக் காட்டினீர்களா, அப்பா?

முத்து அண்ணன் ஏணியில் ஏறினார். உங்கள் ஏணி. உங்கள் இடத்துக்கு வேலைக்கு வந்தவர் அவர், உங்களைப் பார்த்ததே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம். இது பட்டறை வானொலி. நேரம், டீ ஆறுகிற நேரம். முதலில் வானிலை. இன்று மாலை நூலகத்தின் வடக்கு மூலையில் மழை பெய்யும். வெளியிலும் பெய்யலாம். வாளிகள் தயார் நிலையில் உள்ளன. அடுத்து விளையாட்டு. சிற்றுண்டிச்சாலையில் ஆ லெக்குக்கும் குரங்குக்கும் நடந்த போட்டியில் குரங்கு வென்றது. பரிசு, ஆ லெக்கின் வாழைப்பழம்."

"பொய்! பாதிப் பழத்த நான் பிடுங்கிட்டேன்!" என்று கத்தினார் ஆ லெக்.

"அப்படியே அண்ணே குரலு" என்று சின்னப்பன் அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாங்க சொல்லிச் சொல்லி இவன் புடிச்சிக்கிட்டான்."

விருந்தாளியான எனக்காகப் பழைய செய்தி ஒன்றை மறுபடி ஒலிபரப்பினார்கள். நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்த நாளின் செய்தி. "அமைச்சர் அலறியபடி தந்தையின் இடுப்பில் தொங்கினார். தந்தை போட்டார் ஓர் அதட்டல். அண்டை நாடு வாலைச் சுருட்டிக்கொண்டு எல்லைக்குத் திரும்பியது." கைதட்டினார்கள். உங்களுக்குத்தான் தட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்களைப் பார்க்காத ஒருவரிடம் உங்கள் குரல் இருக்கிறது. அம்மாவிடம் உங்கள் சவுக்காரம் இருக்கிறது. இரவில் படுத்துக்கொண்டு உங்கள் குரலை நினைத்துப் பார்த்தால் எனக்கு இருமல் சத்தம் மட்டும்தான் வருகிறது.

"எங்கப்பா இப்படிப் பேச மாட்டாரு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. முத்து அண்ணன் ஏணியிலிருந்து இறங்கினார். கிண்டல் இல்லாமல்தான் கேட்டார்: "அப்ப எப்படிப் பேசுவாரு, தங்கச்சி? சொல்லு, நான் திருத்திக்கிறேன்."

நான் நாற்காலியில் ஒட்டியிருந்த மரத்தூளைச் சுரண்டினேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு லா முத்து" என்றார் சின்னப்பன் அங்கிள். "நாளைக்கி அமைச்சரே வாசிக்கட்டும். அண்ணே போனதிலேருந்து நாய்ச் செய்தி வர்றதே இல்ல. அது இந்தப் புள்ளகிட்டதானே இருக்கு? நல்லா வாசிச்சா லீவு முடியிற வரைக்கும் ஏணி உனக்குத்தான்மா. முடியலன்னா பரவால்ல, முத்துவே வாசிக்கட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டார்: "பயமா இருந்தா வேணாம்னு சொல்லிடவா?"

"சொல்லாதீங்க. நான் வாசிக்கிறேன்."

சொல்லிவிட்டேன். அந்த ஏணியில் ஏறி அத்தனை பேர் முன்னால் என் குரல் எழும்பாவிட்டால், உங்கள் ஏணி முத்து அண்ணனுடையதாகவே போய்விடும். அப்புறம் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அவரிடம் இல்லாத செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்று நீங்கள் அதட்டவில்லை, அப்பா.

"பேப்பர் வாங்கணும், நானும் வாரேன்" என்று தினமும் என்னோடு கிளம்புவீர்கள். நாய் பக்கம் நீங்கள், கால்வாய் பக்கம் நான். பலகைக் கடை நெருங்கும்போது என் கையைப் பிடிப்பீர்கள். விரல் நோகும், சொல்ல மாட்டேன். அன்று நாய் ஓடி வந்தபோது நான் அலறவும் இல்லை, உங்கள் இடுப்பில் தொங்கவும் இல்லை. என்னைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றீர்கள். அது உங்கள் செருப்பை மோந்து பார்த்தது. உங்கள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. உங்கள் கை வேர்த்து வழுக்கியது, ஆனாலும் என் கையை விடவில்லை. கடைக்காரர் விசில் அடித்ததும் நாய் போய்விட்டது. நீங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தீர்கள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றீர்கள்.

மண்டபத்து உச்சியில் ஏணி போட்டு விளக்கு மாட்டுகிறவருக்கு ஒரு நாயிடம் பயம். என்னைவிட அதிகப் பயம். உங்களுக்குத் துணை வேண்டும் என்றுதான் தினமும் என்னோடு வந்தீர்களா, அல்லது பயத்தோடேயே எனக்குத் துணையாக வந்தீர்களா? இதைப் பட்டறையில் சொன்னால் தகரக் கூரை பறந்துவிடும். ஏணி எனக்குத்தான். எழுதியும் பார்த்தேன்: "ஒரு திருத்தம். முன்னர் வாசித்த செய்தியில் பிழை உள்ளது. நடுங்கியவர் அமைச்சர் அல்ல." எனக்கே சிரிப்பு வந்தது, அம்மா மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் சொல்வதுபோலவே இருந்தது. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு அதை அடித்துவிட்டேன். ஒருமுறை வாசித்துவிட்டால் மறுநாள் முத்து அண்ணன் வாயில் இருக்கும். சிரித்துச் சிரித்து மறுபடி மறுபடி ஒலிபரப்புவார்கள். அந்தக் குழாயடிச் சவுக்காரம் மாதிரி, யார் கை நீட்டினாலும் கிடைக்கும்.

நாளை வேறு செய்தி வாசிப்பேன். அமைச்சர் இப்போதெல்லாம் கோயில் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறார் என்று. அண்டை நாட்டில் மக்கள்தொகை கூடியிருக்கிறது, எல்லாம் கறுப்புக் குட்டிகள், நம்பகமான தூரத்திலிருந்து கிடைத்த தகவல் என்று. சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் அதட்டலை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அதில் நான் கைவைக்க மாட்டேன்.

உங்கள் வேர்த்த கையை மட்டும் அவர்களுக்குத் தர மாட்டேன். நீங்கள் பிடித்திருந்தது இந்த வலது கையைத்தான். ஏணியை நினைத்து நினைத்து இப்போது இதுவும் வேர்த்திருக்கிறது. பேனா வழுக்குகிறது. பாவாடையில் துடைத்துக்கொள்ளலாம், மனம் வரவில்லை.