ஹாவோவின் முன்பல்

நவம்பர் 10, திங்கள்
மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று. குசினிக் குழாய் அடைப்பு. அரிசி முடிந்தது.

யூட்டிங் அறையை விட்டு வரவில்லை. சீனாவின் செங்டுவிலிருந்து படிக்க வந்தவள், என் வகுப்பு. நகரத்தின் ஓரத்தில், இந்த அம்மருட் வீட்டில் இருவரும் சேர்ந்து வாடகைக்கு. (நாங்கள் கதைப்பது ஆங்கிலம். இங்கே என் தமிழில்.) போன் செயலியில் திருத்தாமல் அவள் படம் எதுவும் வெளியே போகக் கூடாது. தாடையைக் கூராக்கி, கண்ணைப் பெருப்பித்து, ஒரு படத்துக்கு அரை நாள். அவளுடைய சீனச் சிநேகிதிகளும் அப்படித்தான். சேர்ந்து எடுத்த படத்தில் தன் முகத்தை மட்டும் திருத்திப் போடுவது பெரிய துரோகமாம்.

நேற்று எங்கள் வகுப்பு ஹாவோ, ஆய்வுகூடத்தில் களவாக எடுத்த அவள் படத்தையும் அவள் திருத்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சீன மாணவர் குழுவில் போட்டுவிட்டான். கீழே ஒரே சிரிப்பு. "மோசடிக் கேசிலை பிடியுங்கோ" என்று ஒருத்தன். கதவுக்குப் பின்னால் நின்று எனக்கு மொழிபெயர்த்தாள். குரலில் ஒன்றுமில்லை.

நவ. 11, செவ்வாய்
காலையில் குளியலறையில் சத்தம். யூ. என் தோசைக்கல்லால் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி எப்போதோ போய்விட்டது. அடித்தது சுவரை. கையெல்லாம் இரத்தம். பின்னால் கட்டிப்பிடித்தேன். முழங்கையால் விலாவில் இடித்தாள். விடவில்லை.

அவசர சிகிச்சை. தையல். டொக்டர் கேட்டார், யாராவது அடித்தார்களா என்று. "ஓம்" என்றாள். யாரென்று சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில்: "பள்ளிக்கூடம் முடிக்க அம்மா தந்த பரிசு, கண் இமை ஒப்பரேசன். நான் கேக்கேல்லை. கட்டவிழ்த்த உடனை படம் எடுத்தா. பிறகு அதையும் திருத்தினா."

நவ. 12, புதன்
பக்கத்துக் குரோருட்டிலிருந்து அம்மா போன். மாப்பிள்ளை வீட்டுக்கு என் படம் அனுப்ப வேண்டும்.

"உன்ர சீனப் பிள்ளையிட்டைக் குடுத்துக் கொஞ்சம் வெளுப்பாக்குவி. எல்லாரும் செய்யினம்தானே."

"அவளுக்குக் கையிலை தையல்."

"மற்றக் கை இருக்குத்தானே பிள்ளை."

வைத்துவிட்டேன். விலா வலி. இரவுக்குப் பாண்.

நவ. 13, வியாழன்
வெயில், கடும் குளிர். பின்னேரம் ஹாவோ, கையில் தோடம்பழப் பை. மன்னிப்புக் கேட்கவாம். கதவைத் திறந்தது நான்.

யூ. குசினி மேசையில். எழும்பவில்லை. சீனத்தில் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். பிறகு அவன் என்னிடம்: "பகிடிதானே. இவள் ஊரை ஏமாத்தலாம், நான் பகிடி விடக்கூடாதோ?"

சொல்லிக்கொண்டே அவள் கைக்கட்டைப் படமெடுக்கப் போனைத் தூக்கினான். யூ. கையை மேசைக்குக் கீழே ஒளித்தாள். சிரித்தபடி முன்கமராவுக்கு மாற்றி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். முகம் திருத்தும் செயலி தானாகவே வேலை செய்துவிட்டது. பால் வெள்ளையில் ஒருத்தி, மெல்லிய மூக்கு. என் வாய் அசைய அவள் வாயும் அசைந்தது.

"பார், இப்ப எவ்வளவு வடிவு."

கையில் அகப்பட்டது குக்கர் மூடி. அவன் வாயில் ஒன்று. கதிரையோடு விழுந்தான். காதில் இன்னொன்று. மூன்றாவதுக்கு ஓங்கும்போது யூ. பிடித்துக்கொண்டாள். தோடம்பழம் எல்லாம் நிலத்தில், இரத்தத்தில். முன்பல் ஒன்று சிங்குக்குக் கீழே கிடந்தது.

மூன்றாவதையும் அடித்திருப்பேன். அதற்குப் பிறகும். இங்கேயாவது உண்மை எழுத வேண்டும்.

அம்புலன்ஸ் வருவதற்குள் யூ.: "நான் அடிச்சதெண்டு சொல்லுறன். கையிலை காயம் இருக்கு, நம்புவினம்." வேண்டாம் என்றேன்.

நவ. 14, வெள்ளி
நித்திரை இல்லை. குசினி மூன்று தரம் கழுவியாகிவிட்டது. மணம் போகவில்லை, அல்லது என் மூக்கில்.

நவ. 17, திங்கள்
பொலிஸ் விசாரணை. வழக்கு வரும். பல்கலைக்கழகமும் கூப்பிட்டிருக்கிறது. ஹாவோ அந்தப் படங்களை அழித்துவிட்டானாம். மற்றவர்களின் போன்களில் இருக்கும்.

பொலிஸ்காரி கேட்டாள், செய்ததற்கு வருத்தமா என்று.

"பல்லுக்கு, ஓம்."

எழுதிக்கொண்டாள்.

வெளியே யூ. காத்திருந்தாள். கோபம். என்னில்.

"அவனை அடிக்க வேண்டியது நான். நீ முந்திட்டாய்."

டி-பானே ரயிலில் திரும்பினோம். அம்மருட்டில் இறங்கும்போது யூ.:

"அவனுக்கு இன்னும் நோகுதாமோ?"

"ஓமாம்."

"நல்லா?"

"நல்லா."